ஐந்து கட்டையில் ஒரு உறுமல்

அம்மா பாடுவது ஐந்து கட்டையில். எங்கள் வீட்டு ஆம்பிளிபையர் உறுமுவதும் ஏறக்குறைய அதே சுருதிதான் என்று முதலில் சொன்னதும் அவர்தான். "கீழ் சட்ஜமம் மாதிரி வருதுப்பா, ஆனா சேரல. கொஞ்சம் மேல ஏறி நிக்குது. அது கூடப் பாடினா தொண்டை தானா அந்தப் பக்கம் இழுக்குது" என்றார்.

அம்மாவின் காது பிசகவில்லை. ஐந்து கட்டைக்கு மந்திர ஸ்தாயி சட்ஜமம் 98 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 98 அதிர்வு. யாங்கோனில் வரும் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் ஏ.சி., அதாவது திசை மாறி மாறி ஓடுவது. ஆம்பிளிபையருக்குள் அதை ஒரே திசையில் ஓடும் டி.சி.யாக மாற்றும்போது அலையின் இரண்டு பக்கமும் ஒரே பக்கமாக மடிக்கப்படுவதால், வடிகட்டலில் தப்பி வருவது 100 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். 98-க்கும் 100-க்கும் உள்ள இடைவெளி, ஒரு அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு. அம்மா ஒரு ஸ்தாயி மேலே 196-இல் சட்ஜமம் பிடித்தால், உறுமலோடு சேர்ந்தே வரும் அதன் இரட்டிப்பான 200 ஹெர்ட்ஸ் அதோடு மோதி வினாடிக்கு 4 தடவை துடிக்கும். பாடுகிறவருக்கு இதைவிடத் தொல்லை வேறில்லை. அதனால்தான் இந்த மழைக்காலத்தில் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு இதில் இறங்கினேன்.

ஆம்பிளிபையர் அப்பா வாங்கியது. ஜப்பானிலிருந்து கப்பலில் வந்திறங்கும் பழைய சாமான்கள் விற்கும் கடையில் எடுத்தது. பின்பக்கம் '100 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருக்கும். அங்கே வீட்டுக் கரண்டே 100 வோல்ட்தான். நமக்கு வருவது 230. அதனால் நடுவில் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர், செங்கல் கனத்தில், ஆம்பிளிபையருக்குப் பக்கத்திலேயே எப்போதும் உட்கார்ந்திருக்கும். யாங்கோனில் ஜப்பான் சாமான் வைத்திருக்கும் பல வீடுகளில் இந்த ஜோடியைப் பார்க்கலாம். அனோரத்தா ரோட்டுக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. பழைய வயரிங், சுவரில் இரண்டு பின் பிளக், எர்த் கிடையாது.

தன்லியினில் இருக்கும் மாமாவுக்குப் போன் போட்டேன். பெரியவர்கள் வாயில் அந்த ஊர் இன்னும் சிரியம்தான். மாமா முப்பது வருஷத்துக்கு மேல் மைக் செட் வைத்திருந்தவர். பீலிக்கான் கோயில் திருவிழாவுக்கு ஹாரன் கட்டியவர். டி.சி.யை வடிகட்டிச் சீராக்கும் கண்டென்சர் என்ற பார்ட்டை வாங்கிப் போட்டுவிடலாம் என்று இருப்பதாகச் சொன்னேன். "மாப்பிள்ளை, மூடியத் திறக்காத. முதல்ல உக்காந்து கேளு. ஒரே சத்தம்னு நீ நெனைக்கிற. எனக்கு அது மூணு நாலு சத்தம் ஒண்ணா வர்ற மாதிரித் தெரியுது. ஒவ்வொண்ணாப் பிரிச்சு எழுதிட்டு அப்புறம் கூப்பிடு" என்றார்.

அன்று ராத்திரி தெரு அடங்கிய பிறகு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். செய்தது இதுதான். பின்பக்கம் செருகியிருந்த எல்லா ஒயரையும் கழற்றிவிட்டு, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, ஸ்பீக்கரில் காதை வைத்தேன். கீழ்ச் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கரான வூஃபரில் உறுமல் இருந்தது. வால்யூமை ஏற்றினாலும் அது கூடவில்லை, குறையவில்லை. அப்படியென்றால் வால்யூம் கண்ட்ரோலைத் தாண்டிய பிறகுதான் அது உள்ளே நுழைகிறது. பவர் சப்ளை பக்கம். அடுத்து வால்யூமை ஏற்ற ஏற்ற, மேல் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரில், இடது பக்கம், 'ஸ்ஸ்' என்று ஒன்று எழுந்தது. அது உறுமலோடு சேராத தனி இரைச்சல். பிறகு கேசட் டெக்கைச் செருகினேன், 'ம்ம்ம்' என்று இன்னும் கீழே, மிருதுவாக ஒன்று வந்து சேர்ந்தது. கடைசியாக டிவி பாக்ஸையும் கம்ப்யூட்டரையும் செருகினேன். அப்போது வந்தது கரகரப்பான 'ஜ்ர்ர்', காலண்டர் அட்டையை ஃபேன் இறக்கையில் பிடித்த மாதிரி.

மாமா சொன்னபடியே நாலு சத்தம். நான் நினைத்தபடி கண்டென்சரை மட்டும் மாற்றியிருந்தால் ஒன்றுதான் போயிருக்கும். மீதி மூன்றும் இருப்பதைக் கேட்டு, போட்ட கண்டென்சர் சரியில்லை என்று நினைத்திருப்பேன்.

முதலில் கரகரப்பு. மூடியைத் திறக்காமல் தீர்க்கக்கூடியது என்பதால் அதிலிருந்து தொடங்கினேன். கம்ப்யூட்டரை மட்டும் செருகினால் சத்தம் இல்லை. டிவி பாக்ஸை மட்டும் செருகினாலும் இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் வருகிறது. பாக்ஸின் பின்னால் இருக்கும் டிஷ் ஒயரைக் கழற்றினால், இரண்டும் இருந்தாலும் சத்தம் நின்றுவிடுகிறது. கழற்றிய டிஷ் ஒயரின் உலோகத் தலையையும் பாக்ஸையும் ஒரே நேரத்தில் தொட்டபோது விரலில் சுர்ரென்று ஒரு கடி. விஷயம் அங்கேதான் இருந்தது.

கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குள், இரைச்சல் வெளியே போகாமல் தடுக்க லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்கு இரண்டு சின்னக் கண்டென்சர்கள் கட்டியிருப்பார்கள். சுவரில் எர்த் இருந்தால் அந்த வழியாக வரும் துளிக் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எங்கள் வீட்டில் எர்த் இல்லை. அதனால் கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டி 230-க்கும் பூஜ்யத்துக்கும் நடுவில், 115 வோல்ட் அளவில் தொங்கிக்கொண்டிருக்கும். கரண்ட் மிகச் சிறியது, ஒரு மில்லியாம்புக்குக் கீழே. ஆனாலும் மண்ணுக்குப் போக அது வழி தேடும். எங்கள் வீட்டில் அதற்குக் கிடைத்த வழி: கம்ப்யூட்டரிலிருந்து ஆடியோ ஒயரின் வெளிப்பின்னல், ஆம்பிளிபையர், அங்கிருந்து இன்னொரு ஆடியோ ஒயரின் வெளிப்பின்னல், டிவி பாக்ஸ், டிஷ் ஒயர், பால்கனி இரும்புக் கம்பி, கட்டடம், மண். பாட்டு போகும் ஒயரின் பின்னலிலேயே இந்தக் கரண்டும் போகிறது. நம் ஊர் ஈரத்தில் பிளக்கின் உலோக வளையம் பச்சை பூத்திருந்தால் அந்த இடத்தில் தடை கூடும். தடையில் கரண்ட் ஓடினால் அங்கே வோல்டேஜ் விழும். விழுந்ததை ஆம்பிளிபையர் பாட்டு என்று நினைத்துப் பெருக்கிவிடும்.

பிளக்குகளை ஸ்பிரிட் தொட்ட துணியால் தேய்த்துத் துடைத்தேன். பாதி குறைந்தது. மீதிக்கு வழியை வெட்ட வேண்டும். டிஷ் ஒயரில் வெட்ட முடியாது, ஏனென்றால் மேலே இருக்கும் டிஷ் தலைக்கு 13 அல்லது 18 வோல்ட் அந்த ஒயர் வழியாகத்தான் போகிறது. டிவி பாக்ஸில் ஆப்டிகல் அவுட் இருந்தது. ஒரு சின்ன ஆப்டிகல் கன்வெர்ட்டர் வாங்கி, பாக்ஸுக்கும் அதற்கும் நடுவில் ஆப்டிகல் கேபிள் போட்டேன். அதில் செம்பே கிடையாது, வெளிச்சம்தான் போகிறது. கரகரப்பு அடியோடு போய்விட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எர்த் இருக்கிற வீடுகளில் இந்த மாதிரிச் சத்தம் வந்தால், மூன்றாவது பின்னை உடைத்துவிடு, சத்தம் போய்விடும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சத்தம் போவது நிஜம்தான். ஆனால் உள்ளே இன்சுலேஷன் கிழிந்த நாளில் பெட்டியைத் தொடுகிறவர் உயிரும் போகும். தயவுசெய்து செய்யாதீர்கள். எங்கள் மாடிக்கே கீழே மண்ணில் செம்புக் கம்பி இறக்கி ஒழுங்காக எர்த் கொண்டுவர வேண்டும் என்று மற்ற வீட்டுக்காரர்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து கேசட் டெக்கின் 'ம்ம்ம்'. இது 50 ஹெர்ட்ஸ். செல்போனில் சுருதி பார்க்கும் ஆப் வைத்துப் பார்த்தாலே தெரியும், அம்மாவின் மந்திர சட்ஜமத்துக்கும் ஒரு ஸ்தாயி கீழே. மின்சாரம் மடிக்கப்படாமல் நேராகக் காற்று வழியாக ஏறுகிறது என்று அர்த்தம். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மரைச் சுற்றிக் காந்தப்புலம் கசியும். டெக்கில் நாடாவைத் தொடும் ஹெட்டோ மில்லிவோல்ட்டுக்கும் குறைவான சிக்னலைப் படிப்பது. அதன் பக்கத்தில் போய் டிரான்ஸ்பார்மரை வைத்தால் வேறென்ன நடக்கும்? டெக்கைப் போட்டபடியே டிரான்ஸ்பார்மரை மெதுவாகத் திருப்பினேன். ஒரு கோணத்தில் சத்தம் ஏறியது, அங்கிருந்து கால் சுற்று திருப்பியதும் ஏறக்குறைய அடங்கியது. நீட்டமான ஒயர் போட்டு, ஒரு மீட்டர் தள்ளி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்ததும் மொத்தமாக அடங்கியது. செலவு ஒயர் மட்டும்தான்.

அதோடு இன்னொன்றும் செய்தேன். இரண்டு பின் பிளக்கை எந்தப் பக்கமும் செருகலாம் அல்லவா? மற்ற ஒயர்களையெல்லாம் கழற்றிவிட்டு, ஆம்பிளிபையரின் உடம்புக்கும் பால்கனிக் கம்பிக்கும் நடுவில் மீட்டரை ஏ.சி.யில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் செருகினால் 92 வோல்ட் காட்டியது, திருப்பிச் செருகினால் 41. இது கசிவு மட்டும்தான், லைன் ஒயர் உடம்பை நேராகத் தொடவில்லை. குறைவாகக் காட்டிய பக்கத்தில் பெயின்ட் புள்ளி வைத்துவிட்டேன்.

இப்போது மூடி. திறந்ததும் தெரிந்தது, உள்ளே ஒரு பல்லி முட்டை ஓடும், மழைக்காலப் பூஞ்சையும். பிரஷ்ஷால் தட்டிவிட்டேன். பெரிய கண்டென்சர் இரண்டு, 10,000 மைக்ரோஃபாரட், 50 வோல்ட். ஒன்று பிளஸ் 38 வோல்ட்டுக்கு, மற்றது மைனஸ் 38-க்கு. பிளக்கைக் கழற்றிய பிறகும் இவை கரண்டை வைத்திருக்கும். ஸ்குரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அது கண்டென்சரையும் கெடுக்கும், கண்ணையும் கெடுக்கும். கரண்டை மட்டுப்படுத்தும் 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரைக் காப்பிட்ட ஒயரில் பற்றவைத்து, அதை அரை நிமிஷம் தொடவைத்து, மீட்டரில் பூஜ்யம் வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

கழற்றுவதற்கு முன்னால் அளந்தேன். மீட்டரின் ஒரு முனையில் 1 மைக்ரோஃபாரட் பிலிம் கண்டென்சரைத் தொடராகக் கட்டினால் டி.சி. தடைபட்டு, மேலே ஆடும் ஏ.சி. மட்டும் தெரியும். பிளஸ் பக்கம் 60 மில்லிவோல்ட். மைனஸ் பக்கம் 310. ஐந்து மடங்கு. கழற்றி கெபாசிட்டி மீட்டரில் வைத்தபோது மைனஸ் பக்கத்துக் கண்டென்சர் 1,900 மைக்ரோஃபாரட் காட்டியது. அதுவும் ஐந்தில் ஒரு பங்குதான், கணக்கு அப்படியே ஒத்துப்போனது. எனக்கு அந்த நேரம் உண்டான சந்தோஷம் கொஞ்சமில்லை. உள்ளே இருக்கும் திரவம் காய்ந்துவிட்டது. சூடு 10 டிகிரி குறைந்தால் இவற்றின் ஆயுள் இரண்டு மடங்காகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. காய்ந்து போனது, சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்க்கை ஒட்டி நின்றது. மற்றது இரண்டு விரல் தள்ளி.

புதுசு வாங்கப் போன இடத்தில்தான் மனசு நொந்தேன். பளபளவென்று 10,000 என்று அச்சடித்த ஜோடி. வீட்டுக்கு வந்து அளந்தால் ஒன்று 4,600, இன்னொன்று 4,400. மேல் உறையைக் கூர்மையான கத்தியால் கீறிப் பார்த்தேன், உள்ளே வேறொரு பழைய உறை. எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரில் 20 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். 8,000-க்குக் கீழே போனால் அது 10,000 இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்காரர் வாங்க மறுத்துவிட்டார். வேறு கடையில், என் மீட்டரைக் கையோடு கொண்டுபோய், அங்கேயே அளந்து, 63 வோல்ட், 105 டிகிரி எழுதிய இரண்டை எடுத்தேன். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. "அளந்து எடுக்கிறதுதான் நல்லது" என்றார்.

போட்டு முடித்து, 60 வாட் குண்டு பல்பு தொடராகக் கட்டிய போர்டு வழியாக முதலில் கரண்ட் கொடுத்தேன். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கியது, ஷார்ட் இல்லை. நேராகக் கொடுத்து, காதை வைத்தால், உறுமல் போயிருந்தது. ஆனால் அதன் இடத்தில் மெல்லிய, ஊசி மாதிரியான ஒரு 'ட்ஸ்ர்ர்'. முன்பு இல்லாதது.

மாமாவைக் கூப்பிட்டேன். "கண்டென்சர் மாத்தும்போது வேற எதையாவது அவுத்தியா?" என்று கேட்டார். ஆமாம், சிக்னலை முதலில் பெருக்கும் பிரீஆம்ப் போர்டிலிருந்து வரும் கறுப்பு கிரவுண்டு ஒயர் பிய்ந்து வந்துவிட்டது, திருப்பிப் பற்றவைத்தேன் என்றேன். "எங்க பத்தவச்ச?" கிரவுண்டில்தான் என்றேன். "கிரவுண்டுல எங்க?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு கண்டென்சரின் நடுவில் ஓர் அகலமான செம்புப் பட்டை. ஒரு கோடியில் டிரான்ஸ்பார்மரின் நடு ஒயர் வந்து சேர்கிறது. மறுகோடியிலிருந்து ஸ்பீக்கர் திரும்புகிற ஒயரும் மற்ற கிரவுண்டுகளும் கிளம்புகின்றன. நான் கறுப்பு ஒயரை டிரான்ஸ்பார்மர் பக்கத்துக் கோடியில், ஈயம் நிறைய இருந்த இடமாகப் பார்த்துப் பற்றவைத்திருந்தேன். கண்டென்சர் நிரம்புவது தொடர்ச்சியாக நடப்பதில்லை. வினாடிக்கு 100 தடவை, அலையின் உச்சியில் மட்டும், கொஞ்ச நேரத்தில் நிறையக் கரண்டை இழுத்துக்கொள்ளும். அந்த அடி முழுவதும் டிரான்ஸ்பார்மருக்கும் கண்டென்சருக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பட்டையில்தான் ஓடுகிறது. செம்பாக இருந்தாலும் தடை துளியாவது இருக்கும். என் ஒயர் அந்த அடிகள் ஓடும் துண்டில் நின்றதால், பிரீஆம்ப்பின் பூஜ்யமே வினாடிக்கு 100 தடவை குதித்தது.

ஈயத்தை உருக்கி ஒயரை எடுத்தேன். கண்டென்சர்களைத் தாண்டி, மற்ற கிரவுண்டுகள் கூடும் கோடியில் பற்றவைத்தேன். நகர்த்திய தூரம் மூன்று சென்டிமீட்டர். சுற்றுப்படத்தில் அந்த இரண்டு இடமும் ஒரே புள்ளி. 'ட்ஸ்ர்ர்' இருந்த தடமே இல்லை. வால்யூம் பூஜ்யத்தில் வூஃபரில் காதை ஒட்டினால், என் மூச்சுத்தான் கேட்டது.

மிச்சம் 'ஸ்ஸ்'. இது உறுமலின் உறவே இல்லை. எந்த ரெசிஸ்டரும், கரண்ட் கொடுக்காமல் சும்மா இருந்தாலும், சூட்டினால் உள்ளே எலக்ட்ரான்கள் அலைவதில் ஒரு துளி இரைச்சலை உண்டாக்கும். பெல் லேப்ஸில் ஜான்சன் அதை அளந்தார், நைக்விஸ்ட் கணக்கில் விளக்கினார். இருவர் கட்டுரையும் வெளிவந்தது 1928-இல். 10 கிலோஓம் ரெசிஸ்டர் நம் அறைச் சூட்டில், காது கேட்கும் 20 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குள், சுமார் 1.8 மைக்ரோவோல்ட் தரும். அதை முழுக்க ஒழிக்க யாராலும் முடியாது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவாகத்தானே இருக்க வேண்டும்? எங்கள் இடது பக்கம் மட்டும் இரண்டு மடங்கு, அதுவும் நடுநடுவே 'படபட' என்று எண்ணெயில் கடுகு வெடிப்பது போல. அது வெறும் சூட்டு இரைச்சல் இல்லை, ஏதோ ஒரு பார்ட் சாகிறது.

டோன் கண்ட்ரோல் போர்டில் இடது பக்கம் மூன்று டிரான்சிஸ்டர். பஞ்சைக் குச்சியில் சுற்றி ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றின் தலையிலும் வைத்தேன், ஸ்பிரிட் ஆவியாகும்போது குளிரும். முதலாவதில் மாற்றமில்லை. இரண்டாவதில் வைத்ததும் படபடப்பு நின்றது. விரலால் தொட்டுச் சூடேற்றியதும் திரும்ப வந்தது. ஆள் அகப்பட்டுவிட்டார். பக்கத்துக்குப் பக்கம் ஒத்திருக்க, வலதிலும் அதே இடத்தில் உள்ளதைச் சேர்த்து மாற்றினேன். அதற்கு முன்னால் இருந்த, சிக்னலைப் பெருக்கும் 4558 ஐ.சி.யையும் எடுத்துவிட்டு 5532 போட்டேன். கால் அமைப்பு ஒன்றே, இரைச்சல் குறைவு. கரண்ட் மட்டும் கூட இழுக்கும், அதனால் அதன் சப்ளை ரெசிஸ்டர் சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இப்போது ட்வீட்டரில் ஒரு சாண் தூரத்துக்குள் காதைக் கொண்டுபோனால்தான் மெல்லிய காற்று மாதிரி கேட்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி.

இன்வெர்ட்டரில் ஓடும்போது வரும் சத்தத்தை நான் தீர்க்கவில்லை. எங்கள் இன்வெர்ட்டர் தருவது படிக்கட்டு மாதிரி அலை; டிரான்ஸ்பார்மரே அதில் முனகும். பக்கத்து வீட்டு அண்ணனின் ப்யூர் சைன் இன்வெர்ட்டரைக் கடன் வாங்கி அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன், சத்தமில்லை. பணம் சேர்ந்ததும் மாற்ற வேண்டும்.

மூடியைப் பூட்டிய அன்று சாயங்காலம் கரண்ட் இல்லை. ஏழு மணிக்குத் தெருவில் பிள்ளைகள் "மீ லாபீ!" என்று கத்தினார்கள், பர்மிய மொழியில் கரண்ட் வந்துவிட்டது என்று. அம்மா விளக்கேற்றிவிட்டு வந்து, அப்பா பதிவு செய்து வைத்த நாதஸ்வரக் கேசட்டைப் போட்டார். ஆலாபனை முடிந்து கீர்த்தனை தொடங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி. அதில் 'உஸ்' என்று ஒன்று கேட்டது.

"இன்னும் இருக்கேப்பா."

"அது டேப்போட சத்தம்மா. இத்தனை நாளும் உறுமல் மூடி வச்சிருந்துச்சு." வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும் ஒடுங்கிய நாடாவில் அந்தக் காந்தத் துகள்களின் இரைச்சல் இருந்தே தீரும்.

அம்மா கொஞ்ச நேரம் கேட்டார். "அதுக்கு சுருதி இல்ல, இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, நாதஸ்வரத்தோடு சேர்ந்து மெதுவாகப் பாட ஆரம்பித்தார்.